ரத்தத்துல வளர்ச்சி ஹார்மோன் 0.3ன்னு வந்துருக்கு, என் பையன் வளராமலே போயிருவானா?

தங்கச்சிமடம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு 11 வயசு, உயரம் 128 செமீ, கிளாஸ்ல எப்பவும் முன்வரிசை. ஒரு லேப்ல காலைல 11 மணிக்கு ரத்தம் எடுத்து குரோத் ஹார்மோன் பாத்துருக்காங்க, 0.3 நானோகிராம்னு வந்துருக்கு, அத பாத்துட்டு தெரிஞ்சவரு ஒருத்தர் "ஹார்மோனே சுரக்கல, ஊசி போட்டாத்தான் உண்டு"ன்னு சொல்லிட்டாராம். வீட்டுக்காரரு நாட்டுப்படகுல போறவரு, ராத்திரி 2 மணிக்கு வீடே எந்திரிச்சு லைட்ட போட்டுரும், அதனாலதான் பையன் தூக்கம் கெட்டு ஹார்மோன் குறைஞ்சு போச்சோன்னு இவங்களுக்கு ஒரு பயம். மாமியா வேற "எங்க வம்சமே இம்புட்டு உசரந்தான், விடு"ன்றாகளாம். மூணு கேள்வி மாதிரி எழுதியிருந்தாலும் நான் படிச்ச வரைக்கும் கேள்வி ஒண்ணுதான்: அந்த 0.3 என் பிள்ளைய பத்தி என்ன சொல்லுது, அதுக்கு நான் காரணமா?

முதல்ல அதுக்கு பதில் சொல்லிர்றேன்மா, அப்புறம் ஏன்னு விளக்கறேன். அந்த 0.3 உங்க பிள்ளைய பத்தி எதுவுமே சொல்லல. நல்லா வளர்ற பிள்ளைக்கும் காலைல 11 மணிக்கு எடுத்தா அதே 0.3 வரலாம், நிஜமாவே ஹார்மோன் கம்மியா இருக்கற பிள்ளைக்கும் அதே 0.3 வரலாம். நீங்க எதுக்கும் காரணம் இல்ல. நான் குழந்தைகள் டாக்டர், மதுரைல படிச்சிட்டு 20 வருஷத்துக்கு மேல ராமநாதபுரம் கடலோரத்துலதான் பாக்கறேன். ஹார்மோனுக்குன்னே தனியா படிச்சவன் இல்ல, அந்த மாதிரி பிள்ளைகள மதுரைக்கு அனுப்பிட்டு அவங்க சொல்றபடி இங்க தொடர்ந்து பாக்கறவன். உங்க பையன நான் தொட்டுப்பாக்கல, அதனால அவனுக்கு என்ன, ஏதுன்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது. ஆனா அந்த ஒரு நம்பர வச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாதுங்கறத மட்டும் உறுதியா சொல்லலாம்.

ஏன்னா இந்த ஹார்மோன் ரத்தத்துல எந்நேரமும் ஒரே அளவுல இருக்கற சாமான் இல்ல. தைராய்டு ஹார்மோன் அப்பிடி, காலைல பாத்தாலும் சாயங்காலம் பாத்தாலும் பெருசா மாறாது. குரோத் ஹார்மோன் அப்பிடி இல்லாம விட்டு விட்டு, கொத்து கொத்தா சுரக்கும். சுமாரா மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒரு வீச்சா வரும், வந்த வேகத்துல கரைஞ்சிரும், ரத்தத்துல சேந்த ஹார்மோன்ல பாதி 20 நிமிஷத்துக்குள்ளயே போயிரும். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவுல ரத்தத்துல ஒண்ணுக்கும் கீழ, சில நேரம் மெஷினே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத்தான் இருக்கும். நம்ம கரைல விடியக்காலம் படகு அடைஞ்சு மீன் இறங்கி ஏலம் முடிஞ்சிரும்ல, 11 மணிக்கு போய் நின்னா காக்காவும் வலை பின்னறவகளும்தான் இருப்பாக. அத பாத்துட்டு ஒருத்தர் "இந்த ஊர்ல மீனே இல்ல"ன்னு எழுதிட்டு போனா எப்பிடியோ அப்பிடித்தான் அந்த ரிப்போர்ட். லேப்காரங்க தப்பு பண்ணல, அவங்க அந்த நிமிஷத்துல இருந்தத சரியாத்தான் அளந்திருப்பாங்க, அந்த டெஸ்ட்ட அந்த நேரத்துல எடுக்க சொன்னதுதான் தப்பு.

இனி இது ஏன் இப்பிடி விட்டு விட்டு வருதுன்னு சொல்றேன், இத புரிஞ்சுக்கிட்டா மத்த பயமெல்லாம் தானா போயிரும். மூக்குக்கு நேர் பின்னாடி, மூளையோட அடியில, எலும்புல ஒரு சின்ன குழி, அதுல கொண்டக்கடலை சைசுல ஒரு சுரப்பி இருக்கு, பேரு பிட்யூட்டரி. அதோட முன்பாகத்துல இருக்கற செல்லுல கிட்டத்தட்ட பாதி இந்த ஒரு ஹார்மோன செய்யறதுக்குன்னே இருக்கு. அம்புட்டு சின்ன இடத்துல அம்புட்டு பங்கு இதுக்கு. அந்த செல்லுங்க தானா முடிவு பண்றதில்ல, மேல ஹைப்போதலாமஸ்னு ஒரு மூளைப்பகுதி இருக்கு, அங்க இருந்து மெல்லிசான ரத்தக்குழாய் வழியா ரெண்டு விதமான கட்டள கீழ இறங்கும். ஒண்ணு "விடு"ன்னு சொல்லும், அது வளர்ச்சி ஹார்மோன தூண்டுற ஹார்மோன். இன்னொண்ணு "நிறுத்து"ன்னு சொல்லும், அதுக்கு பேரு சொமட்டோஸ்டாட்டின்.

இதுல ரொம்ப அழகான விஷயம் ஒண்ணு இருக்கு. "நிறுத்து"ங்கற கட்டள முக்கியமா ஹார்மோன் வெளிய போறதத்தான் தடுக்கும், உள்ள நடக்கற தயாரிப்ப பெருசா நிறுத்தாது. கண்மாய்ல மடைய அடைச்சு வச்சா தண்ணி சேருதுல்ல, அது மாதிரி செல்லுக்குள்ள ஹார்மோன் சேந்துக்கிட்டே இருக்கும். சொமட்டோஸ்டாட்டின் கொஞ்சம் தளர்ற நேரம், மேல இருந்து "விடு"ன்னு கட்டளயும் வர்ற நேரம், ரெண்டும் ஒண்ணா சேந்தா மடை திறந்த மாதிரி ஒரே வீச்சா வெளிய வரும். திரும்ப அடைஞ்சிரும். இந்த ரெண்டு கட்டளைல எது முதல்ல கண்டுபிடிச்சாங்க தெரியுமா, "நிறுத்து"தான். அமெரிக்காவுல கியுமான்னு ஒரு விஞ்ஞானியோட லேப்ல லட்சக்கணக்கான ஆட்டு மூளைத்துண்ட அரைச்சு தூண்டுற சாமான தேடிக்கிட்டு இருந்தாங்க, கிடைச்சது தடுக்கற சாமான், 1973ல. அந்த மாதிரி மூளை ஹார்மோன் வேலைகளுக்காக அவருக்கும் ஷாலிங்கறவருக்கும் 1977ல நோபல் பரிசு கிடைச்சது. தூண்டுற ஹார்மோன் கைக்கு வர 1982 ஆயிருச்சு, அதுவும் மூளைல இருந்து இல்ல, கணையத்துல கட்டி வந்து அதனால கை காலெல்லாம் பெருத்துப்போன நோயாளியோட அந்த கட்டில இருந்து. மூணாவதா ஒரு ஆளும் உண்டு, 1999ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க, பேரு க்ரெலின், அது வர்றது வயித்துல இருந்து. வயிறு காலியா இருக்கும்போது கூடி பசிய கிளப்பறது அதுதான், அதே சமயம் குரோத் ஹார்மோனையும் தூண்டி விடும்.

சரி வெளிய வந்த ஹார்மோன் என்ன பண்ணுதுன்னா, கொஞ்சம் நேரா எலும்போட நுனில இருக்கற வளர்ச்சித் தட்டுல வேலை செய்யும், மிச்சம் கல்லீரலுக்கு போய் ஐஜிஎஃப்-1னு இன்னொரு ஹார்மோன செய்ய சொல்லும். எலும்பு நீள்றதுல பெரும்பங்கு இந்த ஐஜிஎஃப்போட வேலை, கல்லீரல்ல இருந்து வர்றதும் உண்டு, எலும்பு அங்கனயே செஞ்சுக்கறதும் உண்டு. இந்த ஐஜிஎஃப் ரத்தத்துல கூடுனா அது திரும்பி மேல போய் பிட்யூட்டரிட்ட "போதும்"னு சொல்லும், ஹைப்போதலாமஸ்ட்ட சொமட்டோஸ்டாட்டின கூட்ட சொல்லும். குறைஞ்சா அந்த "போதும்" இல்லாம போகும், ஹார்மோன் கூட வரும். உடம்பு தன்னத்தானே பாத்துக்கற விதம் இதுதான். ஐஜிஎஃப் ரத்தத்துல ஒரு புரதத்தோட ஒட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நிக்கறதால நாள் பூரா ஏறக்குறைய ஒரே அளவுல இருக்கும், அதனாலதான் டாக்டருங்க முதல்ல குரோத் ஹார்மோன பாக்காம ஐஜிஎஃப்ப பாக்க சொல்றது.

இப்ப ரெண்டு பிள்ளைய நினைச்சுப் பாருங்க. ஒண்ணு மாசக்கணக்கா சரியா சோறு இல்லாம எலும்பும் தோலுமா இருக்கு. அதுக்கு குரோத் ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா நல்லா கூடவே இருக்கும், ஏன்னா சத்து இல்லாத கல்லீரல் எவ்வளவு சொன்னாலும் ஐஜிஎஃப் செய்யாது, ஐஜிஎஃப் இல்லாததால "போதும்"னு சொல்ல ஆள் இல்ல, பிட்யூட்டரி விட்டுக்கிட்டே இருக்கும், ஆனா பிள்ள வளராது. இன்னொண்ணு நல்லா குண்டா இருக்கு. அதுக்கு எடுத்தா ஹார்மோன் ரொம்ப கம்மியா இருக்கும், உடம்புல கொழுப்பு கூடுனா ஹார்மோன் வீச்சு குறையும், ஆனா அந்த பிள்ள பெரும்பாலும் தன் வயசு பிள்ளைகள விட உசரமாத்தான் இருக்கும். நம்பர் கூட இருக்கறவன் வளரல, குறைச்சலா இருக்கறவன் வளர்றான். இந்த ரெண்டையும் பாத்த பிறகு ஒத்த நம்பர நம்பி பயப்படறதுல நியாயம் இல்லங்கறது உங்களுக்கே தெரியும்.

தூக்கத்துக்கு வர்றேன், உங்க மனச உறுத்தறது அதுதான்னு தெரியுது. நாள்ல வர்ற வீச்சுலயே பெரிய வீச்சு தூங்க ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல, முதல் ஆழ்ந்த தூக்கத்தோட வரும், இது 1968ல இருந்தே தெரிஞ்ச விஷயம், இதுல சந்தேகம் இல்ல. ஆனா இத வச்சு வாட்ஸ்அப்புல ஒரு கதை சுத்துது, ராத்திரி 10 மணில இருந்து 2 மணிக்குள்ள தூங்கலன்னா ஹார்மோன் சுரக்காதுன்னு. அது தப்பு. அந்த பெரிய வீச்சு கடிகாரத்த பாத்து வர்றதில்ல, தூக்கத்த பாத்து வருது. பிள்ள 8 மணிக்கு தூங்குனா 9 மணி வாக்குல வரும், 11 மணிக்கு தூங்குனா நடுராத்திரி வாக்குல வரும். உங்க வீட்டுல பையன் 9 மணிக்கு படுத்துட்டான்னா 2 மணிக்கு அவுக அத்தா கிளம்பறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த பெரிய வீச்சு முடிஞ்சிருக்கும். பெரியவங்கள ஒரு ராத்திரி பூரா தூங்கவிடாம வச்சு பாத்ததுல, ராத்திரி வீச்சு போனாலும் மறுநாள் பகல்ல கூட சுரந்து 24 மணி நேர மொத்த அளவு ஏறக்குறைய ஈடுகட்டிருச்சு. வருஷக்கணக்கா தூக்கம் கெட்டா பிள்ளைகளோட உயரம் குறையுமாங்கறது இன்னும் நிரூபணம் ஆகாத விஷயம், குறையும்னு அடிச்சு சொல்றவங்க பேச்ச நம்ப வேண்டாம். அதுக்காக தூக்கம் முக்கியம் இல்லன்னு அர்த்தம் இல்ல, 6ல இருந்து 12 வயசு பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேணும், படிப்புக்கு, மூளைக்கு, நோய் எதிர்ப்புக்கு எல்லாத்துக்கும். லைட்டு முகத்துல அடிக்காத மூலையில பாய போட்டு சீக்கிரம் படுக்க வைங்க, போன அவன்கிட்ட இருந்து வாங்கி வைங்க, அது போதும். கடலுக்கு போறவரு வீட்டுல பொறந்ததால எந்தப் பிள்ளையும் குட்டையாகல.

சாப்பாடு பத்தியும் சொல்லிர்றேன். சீனி, இனிப்பு சாப்பிட்டா ரத்தத்துல சர்க்கரை ஏறுற நேரம் குரோத் ஹார்மோன் அமுங்கும், சர்க்கரை இறங்குறப்ப திரும்ப ஏறும். டாக்டருங்க இத வச்சே ஒரு டெஸ்ட் பண்றாங்க, ஹார்மோன் அளவுக்கு மீறி சுரக்குதோன்னு சந்தேகம் வந்தா குளுக்கோஸ் தண்ணி குடிக்க குடுத்துட்டு ஹார்மோன் அமுங்குதான்னு பாப்பாங்க, அமுங்கலன்னா பிட்யூட்டரில கட்டி இருக்கலாம். உங்க பையனுக்கு 11 மணிக்கு ரத்தம் எடுத்தப்ப காலைல இட்லி சாப்பிட்டிருப்பான்ல, அந்த நம்பர் அமுங்கி கிடந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இதுக்கு நேர் எதிரா, பட்டினி கிடந்தா ஹார்மோன் கூடும்னு சொல்றதும் நிஜந்தான். ஆனா கீழக்கரை பக்கத்துல இருந்து ஒரு அத்தா வந்து "நோன்பு வச்சா குரோத் ஹார்மோன் கூடுமாமே, பையன் உசரமாவானா"ன்னு கேட்டாரு. நோன்பு அவங்க மார்க்கத்துக்காக வைக்கறது, அத நான் மதிக்கறேன், உயரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு மட்டும் சொன்னேன். பட்டினில கூடற ஹார்மோன் கொழுப்ப கரைச்சு மூளைக்கு சர்க்கரைய மிச்சம் பிடிக்கத்தான், அந்த நேரம் ஐஜிஎஃப் குறைஞ்சிரும், எலும்பு நீளாது. எலும்பு நீள சத்து வேணும். அதுக்கு டப்பா பொடி தேவையில்ல, கரைல கிடைக்கற சூடை, நெத்திலி, கணவாய், ஒரு முட்டை, பருப்பு, கீரை போதும். விலை கூடுன சீலாதான் வேணும்னு இல்ல, சூடைல இருக்கற புரதமும் அதே புரதந்தான்.

ஓடுனா விளையாடுனா ஒரு வீச்சு வரும், அதுவும் உண்மை. ஆனா கம்பில தொங்குனா உயரம் கூடும், நீச்சல் அடிச்சா கூடும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல, பாம்பன்ல கடல்லயே கிடக்கற பசங்கள 20 வருஷமா அளந்துக்கிட்டு இருக்கேன், அவங்க அவங்க அப்பா அம்மா உயரத்துக்குத்தான் வர்றாங்க. இன்னும் ரெண்டு விஷயம் சுருக்கமா: தைராய்டு ஹார்மோன் இல்லன்னா பிட்யூட்டரி குரோத் ஹார்மோன சரியா செய்யாது. ஸ்டீராய்ட் மருந்து நாள்பட்டு போனா வளர்ச்சி நிக்கும். அதனாலதான் பேரு தெரியாத பொடி, லேகியம், உடம்பு தேத்துற மாத்திரைன்னு யாராவது குடுத்தா வாங்காதீங்கன்னு கெஞ்சி கேக்கறேன், அதுல சிலதுல ஸ்டீராய்ட் கலந்திருக்கும், கன்னம் உப்பி பிள்ள தேறுன மாதிரி தெரியும், எலும்பு அங்கனயே நின்னு போயிரும். மூச்சிரைப்புக்கு டாக்டர் எழுதி குடுக்கற இன்ஹேலர் வேற கதை, அதுல அளவு ரொம்ப கம்மி, அத பயந்துபோய் நிறுத்திறாதீங்க.

மாமியா சொன்னதுல பாதி உண்மை இருக்கு. அத அளந்தே பாக்கலாம். உங்க வீட்டுக்காரரு 162, நீங்க 150ன்னு எழுதியிருக்கீங்க. ஆம்பளப்பிள்ளைக்கு ரெண்டையும் கூட்டி அதோட 13 சேத்து பாதியாக்கணும், பொம்பளப்பிள்ளைன்னா 13 கழிச்சு பாதியாக்கணும். உங்க பையனுக்கு 162.5 வருது, அதுக்கு எட்டு செமீ முன்னபின்ன எங்க வேணா வந்து நிப்பான். அவன் ஆறடி வரலன்னா அது நோய் இல்ல. அது போக இன்னொரு வகை உண்டு, சில பசங்க மெதுவா வயசுக்கு வருவாங்க, 14 வயசு வரைக்கும் குட்டையா இருந்துட்டு 16, 17ல ஒரே தாவா தாவுவாங்க, அப்பாவோ தாய்மாமாவோ அப்பிடி இருந்திருப்பாக. வயசுக்கு வர்றப்ப ஆண் பெண் ஹார்மோன் சேந்து குரோத் ஹார்மோனோட ஒவ்வொரு வீச்சையும் பெருசாக்கும், அதுதான் அந்த தாவல். உங்க வீட்டுக்காரர்ட்ட அவுக எப்ப வளந்தாகன்னு கேட்டுப் பாருங்க, பத்தாவதுல சின்னப்பையனா இருந்து அப்புறம் வளந்தேன்னு சொன்னாருன்னா அது எனக்கு அந்த 0.3ய விட நூறு மடங்கு உபயோகமான தகவல்.

ஆனா "வம்சம்"னு சொல்லி விட்டுர்றதுல ஒரு ஆபத்தும் இருக்கு, அத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். பல வருஷம் முன்னாடி வாலிநோக்கம் பக்கத்துல இருந்து ஒரு 8 வயசு பையன், அவங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே கட்டை, நானும் வம்சந்தான்னு சொல்லி அனுப்பிட்டேன், ஆறு மாசம் கழிச்சு வந்து அளந்துட்டு போங்கன்னு சொல்லல. ரெண்டு வருஷம் கழிச்சு தலைவலி, காலைல வாந்தின்னு வந்தான், ரெண்டு வருஷத்துல மொத்தமே 5 செமீதான் வளந்திருந்தான். மதுரைல எம்ஆர்ஐ எடுத்ததுல பிட்யூட்டரிய ஒட்டி ஒரு கட்டி. ஆபரேஷன் ஆகி இன்னைக்கு நல்லா இருக்கான், ஆனா நான் ஒரு டேப்ப எடுத்து ரெண்டாவது தடவ அளந்திருந்தா ஒன்னரை வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அன்னைல இருந்து எந்த பிள்ளையையும் ஒரே ஒரு தடவ அளந்துட்டு முடிவு சொல்றதில்ல. இன்னொரு பொம்பளப்பிள்ள, தேவிபட்டினம் பக்கம், 9 வயசு, மந்தமா இருக்கா, படிக்க மாட்டேங்கறான்னு கூட்டிட்டு வந்தாக, உயரம் மூணு வருஷமா கிட்டத்தட்ட அதே இடத்துல நின்னுருக்கு. தைராய்டு ஹார்மோன் சுரக்கல. மாத்திரை ஆரம்பிச்ச முதல் வருஷமே துணியெல்லாம் பத்தாம போச்சுன்னு அவ அப்பத்தா வந்து அழுது சிரிச்சு சொன்னாக. அந்த மாத்திரை ரொம்ப விலை குறைஞ்ச மாத்திரை.

அதனால பாக்க வேண்டியது வேகத்த. பொறந்த முதல் வருஷம் பிள்ள 25 செமீ வளரும், ரெண்டாவது வருஷம் அதுல பாதி, நாலு வயசுக்கு மேல வயசுக்கு வர்ற வரைக்கும் வருஷத்துக்கு 4ல இருந்து 6 செமீ. அந்த 4க்கு கீழ போனா உயரம் எவ்வளவா இருந்தாலும் டாக்டர பாக்கணும், அதுக்கு மேல போயிக்கிட்டே இருந்தா குட்டையா இருந்தாலும் அவசரம் இல்ல. டாக்டர் முதல்ல சாதாரண டெஸ்ட்தான் எழுதுவாரு, ரத்தசோகை, தைராய்டு, கிட்னி, கல்லீரல், கோதுமை ஒவ்வாம மாதிரி குடல் நோய், ஐஜிஎஃப், இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரேல எலும்போட வயசு தெரியும், 11 வயசு பையனுக்கு எலும்பு வயசு 9ன்னு வந்தா அவனுக்கு இன்னும் வளர ரெண்டு வருஷம் கூடுதலா கையில இருக்குன்னு ஒரு அர்த்தம். பொம்பளப்பிள்ளையா இருந்தா குரோமோசோம் டெஸ்ட்டும் கேப்பாங்க, டர்னர்னு ஒரு குறைபாடு வெளிய தெரியாம உயரத்துல மட்டும் காட்டும்.

இதெல்லாம் பாத்தும் சந்தேகம் இருந்தாத்தான் குரோத் ஹார்மோன் டெஸ்ட், அதுவும் சும்மா ஒரு தடவ ரத்தம் எடுக்கறது இல்ல. வெறும் வயித்துல, ஆஸ்பத்திரில படுக்க வச்சு, குளோனிடின் மாத்திரையோ குளுக்ககான் ஊசியோ குடுத்து மடைய வேணும்னே திறக்க வச்சு, ரெண்டு மூணு மணி நேரம் அரைமணிக்கு ஒரு தடவ ரத்தம் எடுப்பாங்க. ரெண்டு வேற வேற மருந்துல பண்ணி ரெண்டுலயும் ஏறலன்னாத்தான் குறைபாடுன்னு வைப்பாங்க. நேர்மையா சொல்லணும்னா இந்த டெஸ்ட்டும் கல்வெட்டு இல்ல. 10 நானோகிராமுக்கு மேல ஏறணும்னு பல இடத்துல வச்சிருக்காங்க, 7 போதும்னு சொல்றவங்க இருக்காங்க, ரெண்டு நம்பரும் மனுசங்க பேசி வச்ச கோடுதான். நல்லா வளர்ற பிள்ளைகள்லயே சிலது ஒரு டெஸ்ட்ல தேறாம போகும், அதே பிள்ளைக்கு அடுத்த வாரம் எடுத்தா தேறும். அதனாலதான் விவரம் தெரிஞ்ச ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் வளர்ற வேகம், எக்ஸ்ரே, ஐஜிஎஃப், இந்த டெஸ்ட், எம்ஆர்ஐ எல்லாத்தையும் சேத்து வச்சுத்தான் முடிவெடுப்பாங்க.

ஊசி பத்தி. நிஜமா குறைபாடு இருக்கற பிள்ளைக்கு அது பெரிய வரம், என் கண்ணால பாத்துருக்கேன். 1958ல முதல் தடவ குடுத்தப்ப செத்தவங்க பிட்யூட்டரில இருந்து எடுத்த ஹார்மோன், அதுல கலந்து வந்த கெட்டுப்போன ஒரு புரதத்தால சிலருக்கு வருஷங்கழிச்சு மூளை அழுகற நோய் வந்து 1985ல நிறுத்துனாங்க, அதே வருஷம் பாக்டீரியாவ வச்சு தயாரிச்ச ஹார்மோனுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, இப்ப கிடைக்கறது அப்பிடி லேப்ல தயாரிச்சது, அந்த பயம் இல்ல. ஆனா பெரும்பாலும் தினமும் ராத்திரி தோலுக்கு அடியில போடணும், வருஷக்கணக்குல போடணும், ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், செலவு ஒரு மீனவ குடும்பத்துக்கு தாங்காத செலவு. குறைபாடு இல்லாத, வம்சத்துல குட்டையான பிள்ளைக்கு போட்டா கிடைக்கறது சில செமீதான், அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. வளர்ச்சித் தட்டு மூடிட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. இடுப்பெலும்பு நழுவறது, தலைக்குள்ள அழுத்தம் கூடறது, சர்க்கரை ஏறறதுன்னு பக்கவிளைவும் உண்டு. நகைய அடகு வச்சு, ஒத்த ரிப்போர்ட்ட நம்பி, யாரோ சொன்னாங்கன்னு இத ஆரம்பிக்காதீங்கம்மா.

காத்திருக்கக்கூடாத நேரம் எதுன்னும் சொல்லிர்றேன். தலைவலியோட காலைல வாந்தி, பார்வை மங்கறது, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு தண்ணி குடிச்சு ஒண்ணுக்கு போறது, பழைய டவுசர் ரெண்டு வருஷமா அப்பிடியே சரியா இருக்கறது, பொறந்தப்ப சர்க்கரை தாழ்ந்து போய் ஆஸ்பத்திரில வச்சிருந்த வரலாறு, இதுல எது இருந்தாலும் ஆறு மாசம் பாக்கலாம்னு இருக்காம இந்த வாரமே போங்க. ராமநாதபுரத்துல 2022ல இருந்து அரசு மருத்துவக்கல்லூரி இருக்கு, குழந்தைகள் பிரிவுக்கு போங்க, தேவைன்னா அவங்களே மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க.

அதெல்லாம் இல்லன்னா நாளைக்கு காலைல ஒரு வேலை செய்ங்க. பையன் எந்திரிச்ச உடனே, சாயங்காலம் வேண்டாம், சாயங்காலத்துக்குள்ள முதுகெலும்பு அமுங்கி உயரம் கொஞ்சம் குறையும், செருப்பு இல்லாம சுவத்துல சாத்தி நிக்க வைங்க. குதிகால், பின்புறம், முதுகு சுவத்துல படணும், பார்வை நேரா இருக்கணும், தலைமேல ஒரு தடியான நோட்ட சுவத்துக்கு செங்குத்தா வச்சு பென்சில்ல ஒரு கோடு. அத இன்ச் கணக்குல இல்லாம செமீல அளந்து தேதியோட எழுதுங்க. மூணு தடவ அளந்து நடுவுல வர்றத எடுத்துக்குங்க. ஆறு மாசம் கழிச்சு அதே சுவரு, அதே நேரம். அதுக்குள்ள ஸ்கூல்ல எடுத்த உயரம் எந்த வருஷத்துலயாவது எழுதி வச்சிருக்காங்களான்னு டீச்சர்ட்ட கேளுங்க, அங்கன்வாடி அட்டை பெட்டிக்குள்ள எங்கயாவது கிடந்தா எடுத்து வைங்க, போன வருஷத்து உயரம் ஒண்ணு கிடைச்சாலே ஆறு மாசம் காத்திருக்க வேண்டியதில்ல, அத இங்க எழுதுங்க, வேகத்த கணக்கு போட்டு நான் பாத்து சொல்றேன்.